அது பேர் கேட்டது

சுரங்க ஆஸ்பத்திரி வாசலில் நான் வேனைவிட்டு இறங்கியபோது நல்ல உச்சி வெயில். எங்கள் ஊர் லூசிகிசிகியிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்று போயிருந்தது. பையில் அவருக்கு மாற்றுச் சட்டை ஒன்று, வறுத்த கோழி, ஒரு பாட்டில் புளித்த பால். காவலாளி பையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "சாப்பாடு உள்ள போகக் கூடாதும்மா" என்றான்.

"அப்ப நீயே தின்னு. நல்லா மென்னு தின்னு" என்றேன். தின்றிருப்பான், சந்தேகமே இல்லை.

அந்த ஆத்திரம் பயத்தினால் வந்தது. பயந்தால் நான் சண்டை போடுவேன். என் சுபாவம் அப்படி. முந்தின நாள் சுரங்கத்து ஆபீஸிலிருந்து போன் வந்திருந்தது. "உங்க வீட்டுக்காரர் கீழே வேலை செய்யும்போது சூடு தாங்காம விழுந்துட்டார். கிளம்பி வாங்க." கிளம்பி வாங்க என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். துக்கத்துக்குக் கட்ட என்னிடம் கறுப்புத் துணி இருக்கிறதா என்றுகூட வழியில் யோசித்துவிட்டேன்.

அந்த வார்டு வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உயரமான கூரை, அதன்மேல் தகரம். வெயிலில் தகரம் டிக், டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. பினாயில் வாடை. கடைசிக் கட்டிலில் என் வீட்டுக்காரர் லுபபாலோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து சோளக்களி தின்றுகொண்டிருந்தார்.

செத்துப் போனார் என்று நினைத்த மனுஷன், களி தின்றுகொண்டிருந்தார்!

நான் அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். நர்ஸ் சிரித்தாள். "ஐஸ்ல போட்டு எடுத்தோம்மா. இவ்ளோ சூடு ஏறின ஆளு இவ்ளோ சீக்கிரம் எழுந்து உக்காந்து நான் பார்த்ததே இல்ல. கெட்டி உடம்பு."

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

இங்கே எங்கள் வீட்டு வாசற்படியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து திரும்புகிற ஆண்களைச் சுரங்கத்தில் உடனே கீழே விட மாட்டார்கள். வீட்டில் தின்று தூங்கிய உடம்பு கீழ்ச்சூட்டை மறந்திருக்கும். ஆவி அடைத்த ஓர் அறைக்குள் விட்டு, ஒரு படியில் ஏறி இறங்கச் சொல்வார்கள். மணித் தாளத்துக்கு ஏற வேண்டும், இறங்க வேண்டும். உடம்பு ரொம்பச் சூடேறிவிட்டால் கீழ்வேலை போச்சு. மேலே துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து எங்கள் ஊர் ஆண்கள் கிளம்புமுன்பே வீட்டில் பழகிக்கொள்வார்கள். இவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எங்கள் பக்கத்தில் கோடையான ஜனவரி வெயிலில், வாசற்படியில் ஏறி இறங்குவார். வலது கால் மெதுவாக, இடது கால் தொம்மென்று. சின்ன வயதில் மாடு மிதித்த கால் அது.

"படி தேஞ்சுச்சுன்னா நீங்கதான் கட்டித் தரணும்" என்பேன்.

"போடி கொட்டாவி" என்பார்.

கல்யாணத்தன்று பெரியவர்கள் வரிசையாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது நான் வாயை நன்றாகப் பிளந்து கொட்டாவி விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். அவர் மட்டும் கூப்பிடுகிற பேர். எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஊருக்கு நான் நொலுண்டி.

இந்த வருஷமும் அந்த அறையில் தேறித்தான் கீழே போனார். விழுந்த அன்று கீழே குளிர்காற்றுக் குழாய் நின்றுபோயிருக்கிறது. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார, இவர் மட்டும் பாறை துளைக்கிற இயந்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

களித் தட்டை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"என்னது?"

"சொல்லேன். கேக்கணும்போல இருக்கு."

சூட்டில் விழுந்தவர்களுக்குக் கொஞ்சம் மறதி இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் சொன்னேன். நம் மகள் அவேத்து, பல் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். நாய் டேஞ்சர், பேர்தான் பெரிசு, கோழியைக் கண்டால் ஓடுகிறது. உங்கள் அம்மா. பக்கத்து வீட்டில் உங்கள் பெரியப்பா.

"பெரியப்பா பேர்?"

"ஐயோ, அவர் பேரை என் வாயால சொல்லணுமா? நான் இந்த வீட்டு மருமக. உங்கம்மா காதுல விழுந்தா செருப்புப் பிஞ்சிரும்."

அவர் சிரிக்கவில்லை. "பேர் என்ன? அம்மா பேர் என்ன?"

"அதெல்லாம் நீங்களே ஞாபகப்படுத்திக்கோங்க."

அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"உன்னை நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில்காரன் காதில் விழக்கூடாதே என்று குனிந்து, அவர் காதோடு சொன்னேன். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. இனிப்பு வாடை. ரொம்ப நாள் மூடி வைத்த பழக்கூடையைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"கொட்டாவி" என்றார். வாயில் போட்டுச் சுவைப்பதுபோல மறுபடி சொன்னார். "கொட்டாவி. கொட்டாவி."

பிறகு கேட்டார்: "வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் மொஹாபி நின்றுகொண்டிருந்தார். பக்கத்து நாடான லெசோத்தோக்காரர், இவரோடு ரொம்பக் காலமாக ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர், எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். வார்டுக்குள் வராமல் சுவரோரமாக நின்றார்.

"தங்கச்சி, அவன் பேசறானா?"

"பேசறாரு அண்ணே. ஆனா..."

"என்னை யாருன்னு கேட்டான்." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதை மேலே யார்கிட்டயும் சொல்லிடாதே, பைத்தியம்னு வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. விழுந்ததும் அவனுக்கு மூச்சே இல்ல. தலையை என் மடியிலதான் வச்சிருந்தேன். அப்போ யாரோ எழுந்து நடந்து போற சத்தம் கேட்டுச்சு. பழைய சுரங்கவழி ஒண்ணைப் பலகை போட்டு அடைச்சிருக்காங்களே, அங்க. வலது கால் மெதுவா. இடது கால் தொம்முன்னு."

"அது அவரு நடையாச்சே அண்ணே" என்றேன்.

"அவன் என் மடியில கிடக்கான், தங்கச்சி. அவன் கால் சத்தம் தூரமாப் போகுது. அது நின்னப்புறம்தான் இவன் கண்ணைத் திறந்தான்."

இவன் என்று சொல்லும்போது வார்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

மறுநாள் கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. அதற்கடுத்த நாள் உள்ளங்கை, நாக்கின் அடி, எல்லாம். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஈறுகளில் கசிந்தது. பகலெல்லாம் தூக்கம், விழித்தால் கேள்வி. டாக்டர் சின்ன வயசுக்காரர், பாவம், அவருக்கே முகம் வாடிவிட்டது.

"வெளிச்சூட்டைத் தணிச்சுட்டோம். ஆனா அது உள்ளே வேலையை முடிச்சிருச்சு. ஈரல் வெந்துபோச்சு. முதல்ல ஆள் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும், அப்புறம்தான் இப்படி. மூளையும் கலங்கும், ஆளே வேற மாதிரி ஆயிருவாங்க. வேற ஈரல் வைக்க முடியுமான்னு ஜோபர்க் பெரியாஸ்பத்திரியில கேட்டிருக்கேன்."

பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "கையை நீட்டுங்க. அப்படியே நிறுத்திப் பிடிங்க" என்றார்.

நீட்டிய கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து மடங்கி மடங்கி விழுந்தன.

"ஈரல் போனா கை இப்படித்தான் அடிக்கும்" என்றார் டாக்டர்.

எனக்கு அது யாரையோ வா, வா என்று கூப்பிடுவதாகத்தான் தெரிந்தது.

டாக்டர் சொன்னதை நான் நம்பினேன். மொஹாபி சொன்னதையும் நம்பினேன். இரண்டுக்கும் ஒரு சண்டையும் இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆளே வேறாகிவிடும் என்றால், கட்டிலில் இருக்கிற ஆள் யார்? அன்றிலிருந்து என்னால் அதை 'அவர்' என்று சொல்ல முடியவில்லை.

ஜோபர்க்கிலிருந்து பதில் வருமுன்பே அது அடங்கிவிட்டது. கடைசியாக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதைத்தான்: "கதவு எந்தப் பக்கம்?"

நான் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, முள்கிளையோடு வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில், வெளியூரில் இறந்தவரை அப்படியே விட்டுவிட மாட்டோம். உடம்பு பெட்டியில் போகும். ஆவி வழி தெரியாமல் நின்றுவிடும். உம்பாஃபா என்கிற இலந்தை இனத்து முள்மரக் கிளையோடு குடும்பத்துப் பெரியவர் ஒருவர் போய், உயிர் பிரிந்த இடத்தில் நின்று கூப்பிட்டு, அதில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும். அந்த மரத்தில் ஒரு முள் நேராக நிற்கும், பக்கத்து முள் பின்னால் வளைந்திருக்கும்: ஒன்று போவதற்கு, ஒன்று திரும்பி வருவதற்கு. கிளையைத் தூக்கியவர் வீடு வந்து சேரும்வரை இறந்தவரோடு மட்டும்தான் பேச வேண்டும். வேறு எவரோடும் ஒரு வார்த்தை கூடாது.

வார்டு வாசலிலேயே நான் அவரை மறித்தேன். "மாமா, இங்க வேண்டாம். அவரு கீழ இருக்காரு. கீழ போய்த்தான் கூப்பிடணும்."

"பைத்தியமா உனக்கு? உடம்பு இங்க செத்திருக்கு, ஆவி மட்டும் ஷிஃப்டுக்குப் போயிருக்கா?"

"மொஹாபி அண்ணன் காதால கேட்டிருக்காரு, மாமா."

"எவனோ ஒரு லெசோத்தோக்காரன் பேச்சைக் கேட்டு நம்ம குலத்துக்கு வழி காட்டறியா? வேன் நிக்குது. வாயை மூடு மருமவளே."

மூடினேன். அந்த வயசுக்காரர் முன்னால் அதற்குமேல் பேச எனக்கு உரிமை இல்லை.

வெறும் கட்டில். விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். மாமா தொப்பியைக் கழற்றிக் கிளையைத் தலைமாட்டில் வைத்தார். "லுபபாலோ, ந்யவூசா குலத்துப் பிள்ளையே, வா, வீட்டுக்குப் போகலாம். பயப்படாதே. நான்தான் வந்திருக்கேன், உன் பெரியப்பன் ஸ்வெலிபான்சி."

அவர் பேரை நான் இப்போது எழுதுகிறேன். இனி அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அத்தனை நாள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பேர்.

மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கிளையின் இலைகள் மட்டும் அசைந்தன.

வேனில் ஆவிக்கும் ஒரு சீட்டு எடுத்திருந்தோம். டிரைவருக்கு இதெல்லாம் பழக்கம், "அவரு வசதியா உக்காந்துட்டாரா? அப்ப வண்டியை எடுக்கறேன்" என்று மரியாதையாகத்தான் கேட்டான். மாமா கிளையை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக அதனோடு பேசிவந்தார். "லுபபாலோ, மலை இறங்குறோம்... லுபபாலோ, உம்சிம்வூபு ஆறு வருது, பாலத்துமேல போறோம், பயப்படாதே." பின்சீட்டில் ஒரு பருத்த அம்மா மூக்கைச் சுளித்து, "யாருப்பா பழக்கூடையை வெயில்ல வச்சது? அழுகிப் போச்சு, தூக்கிப் போடுங்க" என்றாள்.

வேனில் பழக்கூடை எதுவும் இல்லை. நான் பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தேன். ரெக்சினில் வேர்த்திருந்தது.

கிளையை முறைப்படி மாட்டுப்பட்டியில் வைத்தார்கள். உடம்பை அதன் பக்கத்தில் புதைத்தோம். அன்று சாயங்காலம் மேய்ந்து திரும்பிய மாடுகள் பட்டி வாசலில் வந்து நின்றன. அடித்தும் இழுத்தும் பார்த்தோம். ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை.

அடுத்து நாய். பொழுது சாயும் நேரம், நான் அடுப்படியில் இருந்தேன். பட்டிக்குள்ளிருந்து யாரோ, "டேஞ்சர்" என்று கூப்பிட்டார்கள். அவர் குரல்தான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடியது. காலையில் விறைத்துக் கிடந்தது. "பாம்பு கடிச்சிருக்கும்" என்றார் மாமியார். நான் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள்.

பிறகு மாமாவின் கண்கள். கிளினிக்கில், "பெருசு, கள்ளைக் குறைச்சுக்கோ" என்றார்கள். வாழ்க்கையில் ஆசைக்கு ஒரே ஒரு குவளைதான் குடித்த மனுஷன். கடைசி நாளில் அவர் கை மணிக்கட்டிலிருந்து மடங்கி மடங்கி விழுந்தது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை. மாமா யாரையும் கூப்பிடவில்லை; யாரோ கூப்பிடுவதற்கு, வருகிறேன், வருகிறேன் என்று கை காட்டினார்.

மாமியாரை மட்டும் அது கூப்பிடவே இல்லை. அவர் பேரை நான் சொல்லியிருக்கவில்லை.

வேறு எந்தப் பேரைச் சொல்லியிருந்தேன் என்று எனக்குத் தெரியும். அவேத்துவை நான் இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. அந்த வயசுப் பிள்ளையை எத்தனை நாள் அப்படிச் சுமக்க முடியும்? ஒருநாள் சாயங்காலம் விறகை இறக்கிவைக்கக் குனிந்தேன்.

"அவேத்து."

"அப்பா!" என்று பிள்ளை ஓடிற்று.

பட்டி வாசலில் பாவாடை நுனி கையில் சிக்கியது. சிக்காமல் போயிருந்தால் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் அவளை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே இருக்கும்போதுதான் மொஹாபி போன் செய்தார்.

"அடைச்ச பலகைக்குப் பின்னால இன்னும் கேக்குது தங்கச்சி. ஷிஃப்டு முழுக்க. ஏறறான், இறங்கறான், ஏறறான், இறங்கறான். தேறிட்டே, மேலே வான்னு யாராவது சொல்லுவாங்கன்னு காத்திருக்கற மாதிரி."

அப்போதுதான் நான் அழுதேன். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. தெரியாத எதையோ வீட்டுக்குள் விட்டுவிட்டு, வீட்டுக்காரரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் யாரையும் கேட்கவில்லை. நானே போய் ஒரு முள்கிளை ஒடித்தேன்.

சுரங்க வாய்க்கு மேல்தான் என்னை நிற்கவிட்டார்கள். கிளையை மொஹாபி சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "நான் உங்க குலமில்லையே தங்கச்சி, என் பேச்சைக் கேப்பானா?" என்றார். "அவரு கடைசியாக் கேட்டது உங்க குரல்தான் அண்ணே" என்றேன். ஆள் இறக்கும் கூண்டு அவரோடு கீழே போயிற்று. வெயிலில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூண்டு மேலே வந்தபோது மொஹாபி யாரோடும் பேசவில்லை. யாரோ நலம் கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று, கிளையைப் பார்த்துச் சொன்னார்: "லுபபாலோ, இதோ உன் பொண்டாட்டி. இனி அவகூடப் போ." கிளையை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இலைகளெல்லாம் ஈரம். ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு. வேர்வை உப்பு.

வழிநெடுக நான் அவரோடு மட்டும் பேசினேன். வேன்காரன் சில்லறை கேட்டபோதும் வாய் திறக்காமல் நீட்டினேன். யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் புகுந்தது, கிளினிக்கில் புதிதாக வந்த நர்ஸின் பொய்முடி எப்படிக் காற்றில் பறந்தது, எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என்னவர் பக்கத்தில் இருந்தார், பழக்கூடை வாடை இல்லை, அதுபோதும் எனக்கு.

எங்கள் வேலி வாசலை எட்டியபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. மாமியார் பிரார்த்தனைக்குப் போயிருந்தார். பட்டியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"கொட்டாவி."

நின்றுவிட்டேன்.

"கொட்டாவி, யாரைக் கூட்டிட்டு வர்றே?"

அவர் குரல். அவர் கேலி. அந்தக் கேலிக்கு உடனே பதில் கொடுத்துப் பழகிய வாய் இது.

"என்னைத்தான் அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களே. அது யாரு, புதுசா?" என்று பட்டிக்குள்ளிருந்து சிரித்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது வளைந்த முள் உள்ளங்கையில் ஏறியது. நான் அழுத்தவில்லை. யாரோ கையை இறுக்கிப் பிடித்ததுபோல அதுவாக ஏறியது. வாயை மூடிக்கொண்டேன்.

கிளை என் கையில் நடுங்கியது. அவர் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தன் வீட்டு வாசலில் தன் குரலையே கேட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? என்ன சொன்னால் உள்ளே வருவார் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று என்னிடம் இருந்தது. கிளையை முகத்தோடு வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்றாகச் சொன்னேன்.

"நீங்க வந்தே ஆகணும். கிறிஸ்துமஸுக்கு வந்தீங்கல்ல... வயித்துல ஒண்ணு இருக்கு. அதுக்கு அப்பா வேணும்."

பட்டிக்குள் சிரிப்பு நின்றது.

இனிப்பு வாடை மெல்ல வேலிக்கு வந்தது.

"அதுக்கு" என்றது, ரொம்ப மெதுவாக, "என்ன பேரு?"

ஓடினேன். கிளையைப் பட்டியில் வைக்கவில்லை. முறை தப்பினால் தப்பட்டும். வாசற்படியில் வைத்து, "வீடு வந்துருச்சு. இங்கேயே இருங்க. யாரையும் விடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெகு நேரம் ஒன்றுமில்லை.

பிறகு வெளியே, படியில், வலது கால் மெதுவாக. இடது கால் தொம்மென்று.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. அதன்பிறகு மழையோ வெயிலோ, படியில் அந்தச் சத்தம் நின்றதில்லை. பட்டியில் இருந்தது கூப்பிடத்தான் செய்தது. ஆனால் அதன் குரல் படியைத் தாண்டவில்லை.

பையன் பிறந்தான். பிறக்கும்போதே மஞ்சள். நான் போட்ட கூச்சலில் பிரசவ வார்டே கூடிவிட்டது. "நிறையப் பிள்ளைங்க இப்படித்தாம்மா பொறக்கும். காலை வெயில்ல காட்டு, போயிரும்" என்று நர்ஸ் அதட்டினாள். போகத்தான் செய்தது.

அவனுக்கு நான் பேர் வைக்கவில்லை. கிளினிக் அட்டையில் 'நொலுண்டியின் குழந்தை' என்றுதான் இருக்கிறது. மாமியார் தினமும் சண்டை. "பேரில்லாம வளக்க அது என்ன நாய்க்குட்டியா?" என்கிறார். நாய்க்குட்டிக்குப் பேர் இருந்தது அத்தை, அதனால்தான் செத்தது என்று நான் சொல்வதில்லை. செல்லம் என்றுகூட யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது என்று சண்டை போட்டு வைத்திருக்கிறேன். மனசுக்குள்கூட நான் அவனுக்கு ஒரு பேரை நினைத்ததில்லை.

நேற்று மத்தியானம் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பையன் பாயில் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். படியில் வழக்கம்போலச் சத்தம்: ஏறுவதும் இறங்குவதும். அது காதில் விழுவதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

நின்றபிறகுதான் அது நின்றது தெரிந்தது.

துணியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வலது கால் வரவில்லை. இடது கால் வரவில்லை. பழக்கூடை வாடை வந்தது.

யாரும் கூப்பிடவில்லை. சத்தியமாக என் காதில் எதுவும் விழவில்லை.

என் பையன் மட்டும் தலையைத் திருப்பிப் பட்டியைப் பார்த்தான். பேர் இருக்கிறவர்கள், யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி.